பாவாயி அக்கா தோட்டத்துப் பீப்பாய்கள்

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க ஒரு துணி வேண்டும் என்றேன். பாவாயி அக்கா யோசிக்கவே இல்லை. கொடியில் கிடந்த தன் பழைய சேலையின் ஓரத்தைப் பல்லால் கடித்து, நீளமாக ஒரு கீற்றுக் கிழித்துக் கொடுத்தார். அதை மூங்கில் குச்சியில் கட்டி மண்ணில் நட்டேன். சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. துணி கொஞ்ச நேரம் தொங்கிக் கிடந்துவிட்டு, மெல்ல எழுந்து கிழக்கே பறந்தது. நாங்கள் எல்லோரும் மேற்குப் பக்கமாகப் போய் நின்றுகொண்டோம்.

எதிரே மூடிப்போன ஜவ்வரிசி மில்லின் தகரக் கொட்டகை. வாசலிலும் உள்ளேயுமாகப் பீப்பாய்கள். துருப்பிடித்த இரும்புப் பீப்பாய்கள், வாய் அகலமான தகர டின்கள், மூங்கில் கூடைக்குள் வைக்கோல் சுற்றி வைத்த பெரிய கண்ணாடி ஜாடிகள். ஒன்றிலும் பெயர் இல்லை. பெயர் எழுதியிருந்த இடத்தை யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

முன்னால் நின்ற ஓர் இரும்புப் பீப்பாயின் தலை உப்பியிருந்தது. வெயில் ஏற ஏற அதிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

“ஏனுங்க அம்மிணி, அதுக்குள்ளார என்னமோ உசுரோட இருக்குதுங்களா?” என்று பாவாயி அக்கா கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எல்லோரையும் இன்னும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன்.

தண்ணீர் பார்க்கிறவர்கள்

சேலத்தில் அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். எங்கள் வேலை தண்ணீர் பார்ப்பது. ஊர் ஊராகக் கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் வெள்ளைக் கேனில் வரும். உப்பு எவ்வளவு, கடினம் எவ்வளவு, குடிக்கலாமா கூடாதா என்று எழுதி அனுப்புவோம். அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம். ஆபத்தான ரசாயனக் கழிவை யார் எடுக்க வேண்டும், எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று கேட்டால் எங்கள் ஜில்லாவில் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஆனால் ஒரு மனுவில் ‘ரசாயனம்’ என்று ஒரு சொல் இருந்துவிட்டால் போதும். நாலு அலுவலகம் சுற்றி, நாலு முத்திரை வாங்கிக்கொண்டு, எங்கள் மேசையில் வந்து விழும்.

பாவாயி அக்காவின் மனுவும் அப்படித்தான் வந்தது.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஜேடர்பாளையம் போகிற வழியில் அவருக்குக் கொஞ்சம் நிலம். கணவர் லாரி விபத்தில் போய்விட்டார். ஒரே மகள், தங்கமணி. கணவர் கட்டிய ஜவ்வரிசி மில் ஓடாமல் நின்றுபோனதும் அந்தக் கொட்டகையை ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். லாரிக்கும் போர் போடுகிற ரிக் வண்டிக்கும் உதிரிபாகங்களுக்கு முலாம் பூசுகிற தொழில் என்று சொன்னாராம் அந்த மனிதர். மரியாதையான ஆள். வாய் நிறைய அக்கா, அக்கா என்று கூப்பிடுவாராம். ஒருநாள் கொட்டகையில் பூட்டுத் தொங்கியது. இயந்திரங்கள் போயிருந்தன. பீப்பாய்கள் மட்டும் இருந்தன. அவர் கொடுத்த விலாசத்தில் அப்படி ஒரு தெருவே இல்லை.

கொட்டகையில் இடம் போதாமல், அந்த வாடகைக்காரர் பாதிப் பீப்பாய்களைப் பக்கத்துத் தோட்டத்தில் கந்தசாமியின் மாட்டுச்சாளையில் போட்டிருந்தார். கந்தசாமி பாவாயி அக்காவின் கொழுந்தனார். அதற்கும் வாடகை வாங்கியவர்தான். அவர் அண்ணியிடம் சொன்ன யோசனையை அக்காவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

“இது ஒரு வேலைங்களா அண்ணி? பாழுங்கெணத்துல உருட்டி உட்டுட்டு மேல ஒரு வண்டி மண்ணக் கொட்டுனா முடிஞ்சுது.”

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பாழுங்கிணற்று ஊற்று எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று யாருக்குத் தெரியும், அக்கம்பக்கத்தில் எல்லோரும் குடிக்கிற தண்ணீர் அல்லவா என்று சொல்லிவிட்டார். தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏறிப்போய், மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்து, தானே வாசகம் சொல்லி எழுதவைத்துக் கொடுத்தார். பதில் வராதபோது மறுபடியும் போனார். அவர் மனுவில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இது என்னவென்று யாராவது வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

பரீட்சைக்கு வந்த உப்பு

வேதியியல் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் உப்புப் பரீட்சையைப் பற்றிச் சொல்வார்கள். செய்முறைத் தேர்வில் ஒரு சிட்டிகைப் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருத்தி யாரும் பார்க்காதபோது நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சரியான பெயரை எழுதிவிட்டாள். முழு மதிப்பெண். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தாள். அவள் பிழைத்துக் கிடந்தது அவளுடைய அதிர்ஷ்டம்.

அந்தப் பரீட்சையில் ஒரு நிம்மதி உண்டு. நமக்குத் தெரியாவிட்டாலும் பரீட்சை வைக்கிறவருக்குப் பதில் தெரியும். தப்பாக எழுதினால் மதிப்பெண்தான் போகும்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. எழுபதுகளில் எங்கள் அப்பா பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்துவிட்டு, காலி டின்னைச் சாம்பல் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பார். நல்ல கெட்டித் தகரம், தூக்கிப்போட மனசு வராது. எங்கள் ஊரில் பல வீடுகளில் எண்ணெய் அந்த டின்னில்தான் இருந்தது. டின்மேல் மண்டையோட்டுப் படம் இருக்கும். அதன் கீழே என்ன எழுதியிருந்தது என்று படிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. பெயர் இருந்த விஷத்துக்கே அந்தக் கதி. இங்கே பெயரையே சுரண்டி எடுத்திருந்தார்கள்.

காவி, சுண்ணாம்பு, கரி

என்னோடு வந்தவர் தனபால். என்னைப் போலவே வேதியியலர், என் வயதுதான். இருவரும் முந்தின நாளே பேசி வைத்திருந்தோம். பார்க்காமல் எதையும் தொடக் கூடாது. மூக்கைக் கொண்டுபோகக் கூடாது. ஒன்றை மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். ஒன்றில் விட்ட குச்சியை இன்னொன்றில் விடக் கூடாது. பக்கத்தில் பீடி கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

சொல்ல நன்றாக இருக்கும். கருவி ஒன்றும் கிடையாது. தீயணைப்பு நிலையத்தில் இரவல் வாங்கிய ரப்பர் பூட்ஸ் எனக்கு முழங்காலுக்கு மேல் வந்தது. இரும்புத் திருகுசாவியால் மூடியைத் திருகினால் பொறி பறக்கும் என்பதற்காக, திருச்செங்கோட்டில் ஒரு ரிக் பட்டறையில் பித்தளைச் சாவி கேட்டு வாங்கினோம். நீள மூங்கிலின் நுனியில் கண்ணாடிக் குழாயைக் கட்டிக்கொண்டோம்.

முதலில் சும்மா பார்த்தோம். அதிலேயே பாதி தெரிந்துவிடும். கூடைக்குள் கண்ணாடி ஜாடி என்றால் பெரும்பாலும் அமிலம். சின்ன வாய் வைத்த இரும்புப் பீப்பாய் என்றால் உள்ளே இருப்பது திரவம், அதுவும் எரிகிற திரவமாக இருக்கலாம். வாய் அகலமான டின் என்றால் கட்டியோ பொடியோ. மூடியைச் சுற்றி உப்புப் பூத்திருக்கிறதா, கீழே மண் கருகியிருக்கிறதா, அந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு ஒவ்வொன்றிலும் புளியங்கொட்டை அளவுக்கு எடுத்து, தூரமாகக் கொண்டுபோய், ஓட்டுச்சில்லில் வைத்து, தண்ணீர் பட்டால் கொதிக்கிறதா, லிட்மஸ் தாள் என்ன நிறம் காட்டுகிறது, எரிகிற குச்சியைக் காட்டினால் பற்றுகிறதா என்று ஒரே வரிசையில் செய்துகொண்டு போனோம்.

அடையாளம் வைக்க வண்ணம் கொண்டுவரவில்லை. அக்கா வீட்டுக்குள் போய் காவிக்கட்டியும் சுண்ணாம்புச் சட்டியும் அடுப்புக்கரியும் எடுத்துவந்தார். எரிகிறதற்குக் காவி. அமிலத்துக்குக் கரி. விஷ உப்புக்குச் சுண்ணாம்பு. என்னவென்று எங்களுக்குப் பிடிபடாததற்கு ஒரு சாணிப் பொட்டு.

ஒரு டின்னைத் திறந்தபோது உள்ளே குங்குமம் கட்டிதட்டினாற்போல இருண்ட சிவப்பில் செதில் செதிலாக ஏதோ இருந்தது. குரோமிய அமிலம். அது எரியாது, ஆனால் எரிகிறவற்றைத் தானே பற்றவைக்கும். அதற்கும் அந்த உப்பிய பீப்பாய்க்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி இருந்தது. பீப்பாய்க்குள் இருந்தது பெயிண்டில் கலக்கிற தின்னர். அது கசிந்து இதில் பட்டிருந்தால் தீக்குச்சியே வேண்டியிருக்காது. கொட்டகையை அடுத்துத்தான் வீடு. கூலிக்கு வந்திருந்த ஆட்களை சாக்கு நனைத்து வரச் சொல்லி, பீப்பாய்மேல் போட்டுக் குளிரவைத்தோம். டிக் டிக் சத்தம் நின்றது.

அடுத்தது வெள்ளைக் கட்டிகள் நிறைந்த டின். மூடியைத் தளர்த்தியதும் தனபால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒரு வாசனை மட்டும் சிலருக்குப் பிறவியிலேயே தெரியாதாம். நான் அந்த ஜாதி.

பாவாயி அக்கா தூரத்திலிருந்தே, “அது கெழங்கு மில்லு வாசம்தானுங்க. கொட்டாய்ல எப்பவும் இருக்கறதுதான்” என்றார்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜவ்வரிசிக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அரைக்கிற இடத்தில் தோல் குவியலிலிருந்து கசப்பாக ஒரு வாடை வரும். அந்தத் தண்ணீரைக் குடித்த ஆடு வாய் நுரைத்துச் செத்துப்போகும். கிழங்கில் கொஞ்சமாக இருக்கிற அதே விஷம்தான் இந்த டின்னில் கட்டி கட்டியாகக் கிடந்தது. கிழங்கு மில் நடந்த இடம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழகிய வாடை அவர்களை ஏமாற்றிவிட்டது.

ஜீப்பின் முன்பக்கத்தில் சோதனைக் குழாயை வைத்துச் செய்து பார்த்தோம். நீலம் இறங்கியது. மயில் கழுத்தைப் போன்ற நீலம். அவ்வளவு அழகான நிறத்தை நான் அவ்வளவு பயத்தோடு பார்த்ததில்லை.

சயனைடு என்று அக்காவிடம் சொன்னேன். நகை செய்கிற பத்தர் கடையில் வைத்திருப்பார்களே அதுவா என்று கேட்டார். அதுதான் என்றேன். அவர் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

“காலைலதான் காளியம்மா ஒரு சட்டி அள்ளிட்டுப் போனாளுங்க. சோடான்னு நெனச்சுட்டு, ஏனம் வெளக்கறதுக்கு.”

காளியம்மா வீட்டு வாசல்

காளியம்மா அக்காவின் தோட்டத்தில் களை எடுக்க வருகிறவர். வீடு ரோட்டோரம். நானும் தனபாலும் அக்காவும் ஓடினோம். ஜீப் டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னால் வந்தார்.

வாசலில் பித்தளைக் குடமும் செம்பும் அண்டாவும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு பளபளப்பு. பக்கத்தில் கரைத்துவைத்த புளி. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. அந்த உப்பும் புளியும் ஒன்றாகச் சேரக் கூடாது, சேர்ந்தால் ஆவி கிளம்பும்.

காளியம்மா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். மாடு இரைக்கிற மாதிரி மூச்சு. தலை சுத்துதுங்க, தலை சுத்துதுங்க என்று மட்டும் சொன்னார். வெளியே நிழலில் விளக்கியதாலும் காற்று நன்றாக அடித்ததாலும் அவருக்கு அவ்வளவு நேரம் கிடைத்திருந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து விளக்கியிருந்தால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் மிச்சம் இருந்திருக்காது.

காற்று வருகிற பக்கமாகத் தூக்கிப்போய், கைகால்களில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஜீப்பில் போட்டுக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் பறந்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன விஷம் என்று கேட்டார். இன்னது என்று தனபால் ஒரே வார்த்தையில் சொன்னார். அந்த வார்த்தை இருந்ததால் டாக்டர் தடுமாறவில்லை. காளியம்மா பிழைத்துக்கொண்டார்.

இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். என் படிப்பு ஓர் உயிரைக் கண்ணெதிரே பிடித்து நிறுத்தியது அன்று ஒருநாள்தான். கதையை இங்கேயே முடித்துக்கொண்டால் எனக்கும் நன்றாக இருக்கும், படிக்கிறவர்களுக்கும் நன்றாக இருக்கும்.

திரும்பி வந்தபோது கூலி ஆட்கள் ஒருவரும் இல்லை. சேதி அதற்குள் ஊருக்குப் போய்விட்டது. நானும் தனபாலும் டிரைவரும் பாவாயி அக்காவும்தான் மிச்சப் பீப்பாய்களை இடம் மாற்றினோம். அமில ஜாடிகள் வேலிப் பக்கம். உப்பு டின்கள் எதிர்மூலையில், பலகை போட்டு மேடாக. எரிகிறவை வேப்பமர நிழலில். அமிலமும் உப்பும் எந்தக் காலத்திலும் கிட்டே வரக் கூடாது என்று அக்காவிடம் சொன்னேன். “அங்காளி பங்காளியாட்டம் தள்ளியே இருக்கட்டும்” என்றார். அன்று நாங்கள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

உமது பொறுப்பில்

அறிக்கை போயிற்று. எந்தப் பீப்பாயில் என்ன, எது எதோடு சேரக் கூடாது, எவ்வளவு சீக்கிரம் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தோம்.

அப்புறப்படுத்தி எங்கே வைப்பது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. வருவாய்த்துறை சுகாதாரத்துறையைக் கேட்டது. சுகாதாரத்துறை தொழிற்சாலைக்காரர்களைக் கேட்டது. அது தொழிற்சாலை இல்லை, அனுமதியில்லாத பட்டறை, ஆகவே எங்கள் வரம்பில் வராது என்று அவர்கள் சொன்னார்கள். போலீஸ் அந்த வாடகைக்காரரைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. எனக்குத் தெரிந்து இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசியில் ஓர் உத்தரவு வந்தது. மேற்படி பொருள்கள் கொடிய விஷத்தன்மை உடையவை என்று ஆய்வில் நிரூபணமாகியிருப்பதால், மறு உத்தரவு வரும்வரை நில உடைமையாளர் தமது சொந்தப் பொறுப்பில் அவற்றைப் பத்திரமாகப் பாதுகாத்து வர வேண்டியது. தவறினால் நடவடிக்கை. கூடவே ஒரு தகரப் பலகை. அதில் மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, ‘அபாயம்’ என்று சிவப்பு எழுத்து. தலையாரி வந்து அக்காவின் தோட்டத்து முகப்பில் நட்டுவிட்டுப் போனார்.

மறு உத்தரவு வரவில்லை.

அந்தப் பலகைக்குப் பிறகு களை எடுக்க ஆள் வருவது நின்றது. பால் சொசைட்டியில் அக்கா வீட்டுப் பாலைத் தனியாக வைத்தார்கள், பிறகு வேண்டாம் என்றார்கள். நாமக்கல் பக்கமெல்லாம் கோழிப்பண்ணை பெருகிக்கொண்டிருந்த நேரம். அக்காவும் பண்ணை போடக் கடன் கேட்டார். பாங்கிலிருந்து இடம் பார்க்க வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டு வண்டியைவிட்டு இறங்காமலே போய்விட்டார். தங்கமணிக்கு ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, இந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்ணா என்று கேட்டு அனுப்பினார்களாம்.

அக்கா சில மாதத்துக்கு ஒருமுறை சேலத்துக்கு வந்து என்னைப் பார்ப்பார். முதலில் முருங்கைக்காயோ நிலக்கடலையோ கொண்டுவந்துகொண்டிருந்தார். பிறகு வெறுங்கையோடு வந்தார். ஒவ்வொரு முறையும் ஏதாவது கேட்பார். மழைக்காலம் வருது, கூரை ஒழுகுது, உப்பு டின்னு நனைஞ்சா என்ன ஆகும்? அமில ஜாடி ஒன்று விரிசல் விட்டிருக்குது, என்ன செய்யட்டும்? சுண்ணாம்பையும் மணலையும் எப்படிக் கொட்டுவது என்று சொல்லி அனுப்புவேன். ஓலை வாங்கித் தானே கூரை வேய்ந்தார். வேலிக்கு முள் வெட்டிப் போட்டார். மாட்டைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அந்த விஷத்தைப் பார்த்துக்கொண்டார். மாடாவது பால் கொடுக்கும்.

நான் அவரை அழைத்துக்கொண்டு எத்தனையோ அறை ஏறி இறங்கினேன். ஓர் அதிகாரி கோப்பை மூடிவிட்டு, உங்களுக்கு இதில் என்னம்மா தனிப்பட்ட அக்கறை என்று கேட்டார். இன்னொருவர் என் மேலதிகாரிக்கு போன் போட்டு, உங்கள் ஆள் தண்ணீர் பார்க்கிற வேலையை மட்டும் பார்த்தால் போதும் என்றார். தனபால் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகிற அன்று என்னிடம், நீ இனி அந்த ஊர்ப் பக்கம் போகாதே, உடம்புக்கு ஆகாது என்றார். அவர் சொன்னது ரசாயனத்தை இல்லை.

கந்தசாமியின் மாட்டுச்சாளை

இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கந்தசாமியைச் சொல்லாமல் விட முடியாது.

நாங்கள் பீப்பாய் பார்க்கப் போன அன்றே அவருடைய மாட்டுச்சாளை காலியாகத்தான் இருந்தது. கழுவிவிட்டுச் சாணி மெழுகியிருந்தார்கள். இங்கேயும் பாதிப் பீப்பாய்கள் இருந்ததாகச் சொன்னார்களே என்று கேட்டேன். கந்தசாமி வெற்றிலை போட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

“பேரலுங்களா? என்ற கிட்ட ஏதுங்க பேரலு? அண்ணிக்கு வெசனத்துல எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாட்டம் இருக்குது.”

பாழுங்கிணறு அவருடைய பங்கில் இருந்தது. புது மண் போட்டு மேவியிருந்தது. சுற்றியிருந்த ஆட்கள் எல்லோரும் அந்த மண்ணைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பட்டப்பகலில் டிராக்டர் வைத்துத் தள்ளியதை ஊரே பார்த்திருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். புகார் ஏதும் வரப்பெறாததால் அவசியமில்லை என்று பதில் வந்தது.

மனு கொடுத்தவருக்குப் பலகை. மண்ணைப் போட்டு மூடியவருக்குக் கடன். இரண்டு மூன்று வருஷத்தில் கந்தசாமியின் தோட்டத்தில் கோழிக் கொட்டகைகள் நீளநீளமாக எழுந்தன. அண்ணியின் நிலத்தை யாரும் வாங்க வராத நிலையில், போனால் போகிறது என்று அவரே ஒரு விலை சொன்னார். அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

விற்று ஒரு மாதம் ஆவதற்குள் பலகை காணாமல் போயிற்று. பீப்பாய்களும் போயின. காவியும் சுண்ணாம்பும் கரியும் ஒரே லாரியில் ஏறிப் போனதாகக் கேள்வி. எங்கே என்று எழுதிக் கேட்டேன். பொருள்கள் தற்போது இடத்தில் இல்லாததால் கோப்பு முடித்துவைக்கப்பட்டது என்று பதில் வந்தது. அரசாங்கத்துக்கு அந்தப் பீப்பாய்களால் வந்த ஒரே தொல்லை அந்தக் கோப்புதான். அது தீர்ந்தது.

அம்மாபேட்டையில்

எண்பதுகள் முடிகிற சமயம். சேலம் அம்மாபேட்டையில் ஒரு தெருவில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போயிருந்தபோது, தறிக்கூடத்து வாசலில் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பாவாயி அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. தங்கமணியை ஒரு தறிக்காரருக்குக் கட்டிக்கொடுத்து, மகளோடு வந்துவிட்டார்.

“வாங்க அம்மிணி” என்றார். கோபமாக இல்லை. சந்தோஷமாகவும் இல்லை. தங்கமணி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். காளியம்மா நன்றாக இருப்பதாகவும், கந்தசாமியின் பண்ணையில்தான் வேலை செய்வதாகவும் அக்கா சொன்னார்.

நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“அங்கத்த கெணத்துத் தண்ணியத்தானுங்க அத்தன சனமும் குடிக்குது. அத ஆராச்சும் பாத்தீங்களா?”

அவர்களுடைய கிணறுகள் சொந்தக் கிணறுகள், எங்கள் பட்டியலில் வராதவை. அந்த ஊரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் இரண்டு முறை எழுதியிருந்தேன். யாராவது ஒருவர் மனு கொடுத்தால் பார்க்கலாம் என்று பதில். அரசு ஊழியரான என் பெயரில் கொடுக்க வழியில்லை. இதையெல்லாம் சொன்னேன்.

“தண்ணி நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிக்கறாங்களாமுங்க” என்றார்.

“பாக்கலீங்கக்கா. பாத்தாத்தான் தெரியும்.”

அவர் தலையாட்டினார். உள்ளே மருமகன் தறியைக் கிளப்ப ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கி, அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் இருக்கும், நீங்கள் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும், நானே வந்து தண்ணீர் எடுப்பேன் என்றேன்.

பாவாயி அக்கா என் முகத்தைப் பார்த்தார். சுற்றுவதை நிறுத்தவில்லை.

“ஒரு மனுவுக்கு ஒரு தோட்டத்தக் குடுத்தேனுங்க அம்மிணி. இன்னொன்னுக்குக் குடுக்கறதுக்கு என்ற கிட்ட ஒண்ணுமில்லீங்க.”

தறி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் அதற்குமேல் ஒன்றும் பேச முடியாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.